ஆறு மணிக்கு அடுப்பு... ஏழே முக்காலுக்கு ரயில்!

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பதுக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் என் மனைவி மயங்கி விழுந்தாள்.

விழுந்தாள் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. "தலையைச் சுத்துதுங்க..." என்று தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒரு காலேஜ் பெண் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டியது. பீச் ஸ்டேஷன் போகிற ரயில் வந்து, நின்று, எங்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்றார் பூக்கார அம்மாள்.

என் மனைவி யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"காபி" என்றாள்.

இத்தனைக்கும் அன்று எங்கள் வீட்டில் இட்லி, தேங்காய் சட்னி, சாம்பார், நாலு டிபன் பாக்ஸ் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் இருந்தன. நானே ஐந்து இட்லி சாப்பிட்டிருந்தேன். ஆறாவது வேண்டுமா என்று அவள் கேட்டதும் நினைவிருக்கிறது. 'நீ சாப்பிட்டாயா?' என்று நான் கேட்டதாகத்தான் நினைவில்லை!

டாக்டரம்மாவிடம் போனோம். "வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களாம்மா?"

"வேளாவேளைக்குச் சமைக்கிறேன் டாக்டர்."

டாக்டரம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். "இது உங்க வீட்டுக் கதை மட்டுமில்லே ஸார்" என்றார் டாக்டர். வாஸ்தவம்தான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற கைகளில்தான் ரத்தம் இல்லை!

"இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா மாத்திரையோட சாப்பாடும் உள்ளே போகணும். அதுவும் உட்கார்ந்து" என்று அனுப்பிவைத்தார்.

உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டுமே? அதற்கு எங்கே போவது?

நோட்டும் பேனாவுமாக...

முதல் வாரம் நான் கண்டுபிடித்த வழி ரொம்ப சுலபமானது. செல்போனை எடுத்து, விரலால் தட்டி, ஓட்டலில் இருந்து வரவழைப்பது. ஒரே வாரத்தில் பர்ஸ் இளைத்துவிட்டது; எனக்கு மட்டும் தொப்பை கூடியது. பரோட்டா, ஃபிரைட் ரைஸ், மறுபடியும் பரோட்டா. பத்தாவது படிக்கிற மகள் கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு இரும்புச் சத்துதானே கம்மி? மைதாச் சத்து இல்லியே?"

நான் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. எது கையை மீறிப் போனாலும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவது என் வழக்கம். சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நாள் காலை நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ('சும்மா உட்கார்ந்து எழுதறதுக்கு இந்தப் பூண்டையாவது உரிக்கலாம்' என்ற விமர்சனத்தையும் குறித்துக்கொண்டேன்.)

ஐந்தேகாலுக்கு ஆரம்பித்து ஏழு ஐந்து வரை, மொத்தம் 110 நிமிஷம். அது போன கணக்கைப் பாருங்கள்:

'இன்னிக்கு என்ன பண்றது?' என்று யோசித்தபடி ஃப்ரிட்ஜைத் திறப்பதும் மூடுவதும் - 12 நிமிஷம்.

சாமான் தேடுவது (கடுகு என்று எழுதிய டப்பாவில் சீரகம் இருக்கும்) - 8 நிமிஷம்.

காய் கழுவி நறுக்க, தேங்காய் துருவ, பூண்டு உரிக்க - 35 நிமிஷம்.

நேற்று ராத்திரி போட்டுவைத்த பாத்திரம் கழுவ - 15 நிமிஷம்.

எங்களுக்குப் பரிமாற, டிபன் பாக்ஸ் கட்ட, 'என் சாக்ஸ் எங்கே?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல - 15 நிமிஷம்.

நிஜமாகவே அடுப்பருகில் நின்று தாளித்து, கிளறி, இறக்க - 25 நிமிஷம்.

சாக்ஸ் எங்கே என்று கேட்டது யார் என்பதை வாசகர்களின் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கூட்டிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையல் என்பது 25 நிமிஷ வேலை! மீதி 85 நிமிஷமும் அதைச் சுற்றியிருக்கிற எடுபிடி வேலை. எடுபிடி வேலையை முதல் நாளே செய்யலாம்; வேறு ஆளும் செய்யலாம். குறிப்பாக, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆள்.

அம்மா சிரித்த சிரிப்பு

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார்.

"ஏண்டா, இதுக்குப் போயா நோட்டு? நாத்து நடப் போற நாள்ல எங்க வீட்டுல அடுப்பு எத்தனை நேரம் எரியும்னு நினைக்கிறே? ராத்திரி சாதத்துல தண்ணி ஊத்தி வச்சிருப்போம். காலையில மோர் விட்டுக் கரைச்சா ஆச்சு. தொட்டுக்கச் சின்ன வெங்காயம். மத்தியானத்துக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சுட்ட அப்பளம். கோடையில கை ஓய்ஞ்ச நேரத்துல எல்லாத்தையும் செஞ்சு ஜாடியில போட்டுருவோம். வேலை நாள்ல யாரு உக்காந்து அரைச்சிண்டிருப்பா?"

அட! 'ஃபாஸ்ட் ஃபுட்' என்று நாம் கப்பல் ஏறி வந்த சமாசாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜாடியும் அஞ்சறைப் பெட்டியும்தான் நம் ஊர் ஃபாஸ்ட் ஃபுட். ஓய்வு நேரத்தில் உழைத்து, அந்த நேரத்தைப் பாட்டிலில் அடைத்துவைப்பது.

ஒரே ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. ஊறுகாய், வத்தல், அப்பளம் மூன்றிலும் உப்பு அதிகம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, அதற்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். காய்கறி மட்டும் 400 கிராம் வரை வேண்டுமாம். ஆக, அம்மாவின் முறையை வைத்துக்கொண்டு, ஜாடிக்குள் போகிற சரக்கைக் கொஞ்சம் மாற்றினோம்.

ஞாயிறு ஒன்றரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலு பேரும் டி.வி. முன்னால் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவோம். மகனுக்குப் பூண்டு, சின்ன வெங்காயம். (கண்ணைக் கசக்கிக்கொண்டே கிரிக்கெட் பார்ப்பான். நம் அணி தோற்றால் அழுவதற்கு வசதி.) மகளுக்குக் கீரை ஆய்வது. எனக்கு நறுக்கலும் கிரைண்டரும். மனைவி மேற்பார்வையும் தாளிப்பும்.

ஒன்று, மாவு. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மத்தியானமே ஊறப்போட்டால் சாயங்காலம் கிரைண்டர் பாட்டுக்கு ஓடும். ராத்திரி வெளியில் வைத்துப் பொங்கியதும் காலையில் ஃப்ரிட்ஜ். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, கடைசியில் புளிப்பு ஏறியதும் வெங்காயம், கேரட், கொத்தமல்லி தூவி ஊத்தப்பம். தேவையான அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மீதியை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். மொத்தப் பாத்திரத்தையும் தினம் வெளியே எடுத்துவைத்தால் புதன்கிழமையே புளித்துப் பொங்கி வழியும்.

இரண்டு, ஒரு பாட்டில் பொடி. செய்முறை பின்னால் வருகிறது.

மூன்று, தக்காளித் தொக்கு. ஒரு கிலோ பழுத்த தக்காளியை அரைத்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்துச் சுருள வதக்குவது. இட்லிக்குச் சட்னி, சாதத்தில் பிசைந்தால் தக்காளி சாதம், கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பருப்பு சேர்த்தால் அவசர ரசம். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஈரமில்லாத ஸ்பூனால் எடுத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரம் தாங்கும்.

நான்கு, பயறு. கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரி ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறோம். பச்சைப்பயறை ஊறவைத்துத் துணியில் கட்டினால் ஒரு நாளில் முளைவிடும். முளைவிட்டதில் வைட்டமின் 'சி' கூடுகிறது என்பதால், செலவில்லாத லாபம்.

ஐந்து, காய்கறி. பீன்ஸ், கேரட், கோஸ் - கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்கி டப்பாவில். நறுக்கிய பிறகு கழுவினால் சத்தில் ஒரு பகுதி சாக்கடைக்குத்தான் போகும். ஒரேயடியாக வாரம் முழுவதற்கும் நறுக்கிவைக்க மாட்டோம். புதன் ராத்திரி இன்னொரு தடவை. கத்தரிக்காய், வாழைக்காய், உருளை இந்தப் பட்டியலில் இல்லை, நறுக்கினால் கறுத்துவிடும். கீரையை ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் வாடாது.

ராத்திரி பத்து நிமிஷம்

மறுநாள் மெனு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அதனால் 'என்ன பண்றது?' என்ற பன்னிரண்டு நிமிஷம் மிச்சம். துவரம்பருப்பை அளந்து, தண்ணீர் விட்டு ஃப்ரிட்ஜில் ஊறவைத்துவிட்டுப் படுப்போம். பாத்திரத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். அது என் இலாகா. எத்தனையோ இலாகா இருக்க இது ஏன் எனக்கு வந்தது என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தேன். டாக்டரம்மாவின் அந்தப் பார்வை ஞாபகம் வரும். வாயை மூடிக்கொண்டு தேய்ப்பேன். சாக்ஸும் ராத்திரியே எடுத்துவைக்கப்படுகிறது!

காலை முப்பத்தைந்து நிமிஷம்

ஆறு மணிக்கு ஒரு பர்னரில் குக்கர். அடியில் அரிசி, நடுவில் பருப்பு, மேல் தட்டில் பரங்கிக்காயோ முள்ளங்கியோ. இன்னொரு பர்னரில் வாணலி - நறுக்கித் தயாராக இருக்கும் பீன்ஸ் பொரியல். குக்கர் சத்தம் கொடுத்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கருக்குள் ஆவி அழுத்துவதால் சுமார் 120 டிகிரி வரை ஏறும். ரகசியம் அந்த இருபது டிகிரிதான். தீயைத் தூக்கி வைத்தால் விசில்தான் கூடும், வேகம் கூடாது; கேஸ்தான் வீண். டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில் இருந்தபோது இதன் மூதாதையை உருவாக்கினார். அவருக்கு நம் மகளிர் ஒரு நன்றி சொல்லலாம்.

ஆறு இருபதுக்குக் குக்கரை இறக்கி அந்த இடத்தில் இட்லிப் பானை. ஆறரைக்குக் குக்கரைத் திறந்து, பருப்பையும் காயையும் புளிக்கரைசல், சாம்பார்ப் பொடியோடு ஒரு கொதி. ஆறு முப்பத்தைந்துக்கு அடுப்பை அணைத்துவிடலாம்.

சொல்லும்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குக்கருக்கு கேஸ்கெட் போடாமல் மூடிவிட்டு, 'ஏன் விசில் வரலே?' என்று இருபது நிமிஷம் காத்திருந்தேன். ஒரே பொரியலுக்கு நான் ஒரு தடவையும் மனைவி ஒரு தடவையும் உப்புப் போட்டோம். ஆபீசில் அதைச் சாப்பிட்ட நண்பர் அன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தார்.

எங்கள் வீட்டு வாரம்

திங்கள் - இட்லி, தொக்கு. மதியம் பரங்கிக்காய் சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல்.
செவ்வாய் - இட்லி, பொடி. மதியம் கீரைப் பருப்பு சாதம், கேரட் பொரியல்.
புதன் - தோசை, தேங்காய் சட்னி. மதியம் எலுமிச்சை சாதம், கொண்டைக்கடலை சுண்டல்.
வியாழன் - கேழ்வரகு தோசை. மதியம் தக்காளி சாதம், வேகவைத்த முட்டை.
வெள்ளி - ஊத்தப்பம். மதியம் தயிர் சாதம், பீட்ரூட் பொரியல், முளைப்பயறு.
சனி - கீரை அடை, வெல்லம்; மதியம் மிச்சம் மீதியைக் கணக்குத் தீர்ப்பது.
ஞாயிறு - அவரவர் ஆசை. பரோட்டாவுக்கும் தடையில்லை.

கைகொடுக்கும் மூன்று

முருங்கைக்கீரைப் பொடி: ஒரு கப் துவரம்பருப்பு, அரைக் கப் பொட்டுக்கடலை, ஆறு மிளகாய் வற்றல், ஒரு ஸ்பூன் மிளகு, சிறிது பெருங்காயம். தனித்தனியாக வெறும் வாணலியில் வறுக்கவும். நிழலில் நன்றாக உலர்த்திய முருங்கைக்கீரை ஒரு கப் எடுத்து, அந்தச் சூட்டிலேயே புரட்டவும். ஆறியதும் கொஞ்சமாக உப்புச் சேர்த்துப் பொடிக்கவும். சூடான சாதம், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், இந்தப் பொடி - இரண்டு நிமிஷத்தில் சாப்பாடு தயார்.

கீரை அடை: இரண்டு கப் அரிசி, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஒவ்வொரு கப், அரைக் கப் உளுந்து. ராத்திரி ஊறவைத்து, காலையில் மிளகாய், சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். இட்லி மாவு மாதிரி புளிக்கக் காத்திருக்க வேண்டாம். வெங்காயமும் இரண்டு கைப்பிடி கீரையும் கலந்து, கனமாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டுச் சிவக்க எடுக்கவும். அரிசி, பருப்பு, கீரை எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடுகிறது.

கேழ்வரகு தோசை: மிஞ்சிய இட்லி மாவு இரண்டு கரண்டிக்கு ஒரு கரண்டி கேழ்வரகு மாவு. தண்ணீர் விட்டுக் கரைத்துப் பத்து நிமிஷம் வைத்து மெலிதாக வார்க்கவும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

கொஞ்சம் கவனம்

சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் அது தடுக்கிறது. முன்னாலும் பின்னாலும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது அந்த உணவு வழிகாட்டி. அதற்குப் பதில் சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால், அதே இரும்பு நன்றாகச் சேரும்.

மீந்த சாதம், குழம்பு இவற்றைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஒரே ஒரு தடவை, நன்றாகக் கொதிக்கச் சூடு பண்ணுங்கள். (தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடும் பழையது கணக்கு வேறு.)

ரத்தசோகைக்குச் சாப்பாடு மட்டுமே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் மாத்திரையும் தவறாமல் நடந்தது.

ஆண் வாசகர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம்!

தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது - யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97-ம்கூட, வீட்டு வேலை ஏதாவது செய்ததாகச் சொன்ன ஆண்களின் சராசரிதான். ஒரு துரும்பையும் நகர்த்தாத மகானுபாவர்கள் அதில் சேர்த்தியே இல்லை. நானும் போன ஆடி வரை அந்தக் கோஷ்டிதான்.

எத்தனை ஜாடியில் பொடி இருந்தாலும், எத்தனை டப்பாவில் காய் இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தால் மிச்சமாகிற நேரத்தில் இன்னொரு வேலைதான் வந்து உட்காரும். அந்த ஆள் உட்கார முடியாது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். ஆறு ஐம்பதுக்கு முதல் தட்டு என் மனைவிக்கு. அவள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

அம்மா என்ன சொல்வாரோ என்று உள்ளூர உதைப்பு. மாமியார் ஆயிற்றே! ஆனால் அன்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. நான் முப்பது வருஷம் கடைசியிலதான் சாப்பிட்டேன். ரசத்துல எனக்குன்னு அடி வண்டல்தான் மிஞ்சும். யாரும் கேட்டதில்லே. எனக்கும் கேக்கணும்னு தோணலே."

நான் தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் தோசை கருகியதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கார்த்திகையில் மறுபடியும் ரத்தப் பரிசோதனை. 11.2. டாக்டரம்மா மாத்திரையை இன்னும் கொஞ்ச நாள் தொடரச் சொன்னார். இந்தத் தடவை என்னைப் பார்த்தது வேறு பார்வை. அதை வர்ணிக்க எனக்கு ரொம்ப விருப்பம், அடக்கம் தடுக்கிறது.

இன்று காலையும் ஆறு ஐம்பதுக்கு அவள் தட்டில் கேழ்வரகு தோசை வைத்தேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

"ஓரம் வேகலை. உப்பும் ஒரு கல்லு கம்மி."

சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டாள்... நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே!